ஆட்டோவின் பின்னால் இருந்த முகம்

பிள்ளைகளே, நம் ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருந்த என் தலைவர் படம் எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

உங்கள் ரேவதி சித்தி திருநங்கை. அதைச் சொல்லித்தான் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர்களுடைய கல்யாண நாளன்று தி.நகர் தியேட்டருக்கு, தலைவர் படத்துக்கு, நான்தான் ஆசையாகக் கூட்டிப்போனேன். படத்தில், மனைவி திருநங்கை என்று தெரிந்ததும் ஒரு மாப்பிள்ளை வாந்தி எடுக்கிறான். தலைவர் கைதட்டிக் கேலி செய்கிறார். தியேட்டரே விசிலடித்தது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் நானும் சித்தப்பாவும் வண்டி போடும் மயிலாப்பூர் ஸ்டாண்டில் ஒருவன், "இன்னா மச்சி, வாந்தி வர்தா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா தலைகுனிந்தான். விஷயம் தெரிந்து சித்தி பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"என்னால உனக்கு அசிங்கம். நான் போறேன்."

"நீ பூட்டா நான் யாருக்கோசரம் வண்டி ஓட்றேன்? வைம்மா பெட்டிய. நான் ஸ்டாண்ட மாத்திக்கிறேன்."

சித்தி பெட்டியை இறக்கி வைத்தாள். ஆனால் சித்தப்பா ஏன் ஸ்டாண்டை மாற்ற வேண்டும்? ஒரு குடும்பத்தைக் கலைக்கிற கேலிக்குக் கைதட்டல் வாங்குகிறவன் எனக்கென்ன தலைவன்? இனி யாரை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறார்கள் என்று விசாரிக்காமல் டிக்கெட் எடுக்க மாட்டேன்.

இன்று காலையில் சவாரிக்குக் கிளம்புமுன், தனியாக நின்று பிளேடால் அந்த முகத்தைச் சுரண்டி எடுத்தேன். பசைதான் இன்னும் போகவில்லை.