சாக்குக்குள் பூனை

நாற்பத்தெட்டு வயதிலும், கண்டி மார்க்கெட்டில் உருளைக்கிழங்குச் சாக்கை அவிழ்த்து உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நனைந்த சாக்கின் வாடை பட்டாலே, இப்போது டைல்ஸ் கடையாகிவிட்ட அக்குறணைக் கோழிச் சந்தை, ஈரத் தவிடும் இறகுத் தூசியும் கூடைகளுக்குள் ஓயாத கொக்கரிப்புமாக எனக்குள் திறந்துகொள்கிறது.

இரகசியத்தைப் போட்டு உடைப்பதை, பையிலிருந்து பூனையை வெளியே விடுவது என்று இங்கிலீஷ்காரர்கள் சொல்வார்களாம். அந்தக் காலத்துச் சந்தைகளில் பன்றிக்குட்டி என்று சொல்லிப் பூனையைச் சாக்கில் கட்டி விற்றதால் வந்த பேச்சாம். உண்மையோ பொய்யோ, அக்காவின் புத்தகத்தில் இதை நான் படித்த அதே வாரம், நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாக வேண்டுமென்று அம்மா மாடசாமிக்கு நேர்ந்திருந்த சிவப்புச் சேவலை, அப்பா அக்குறணைச் சந்தையில் வாங்கினார். கோழி விற்ற முஸ்லிம் நானா தேவைக்கு அதிகமாகச் சிரித்தார். அவர் சேவலைச் சாக்கில் போட்டதை நான் பார்க்கவுமில்லை. மஹய்யாவயில் பஸ்ஸை விட்டு இறங்கி, அப்பா வெற்றிலை வாங்கத் திரும்பியதும் சாக்கின் கட்டை அவிழ்த்தேன். சேவல் என் தலையை மிதித்து ரயில் பாதைப் பக்கம் பறந்தே போனது.

"பூனையான்னு பாத்தேம்மா" என்றேன் வீட்டில்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சேவலா பூனையான்னு தடவிப் பாத்துக்கூட தெரிஞ்சிக்க முடியாத ஒனக்கு, மாடசாமியே வந்து பரீட்ச எழுதினாலும் பாஸ் கெடைக்காதுடா."