மாரியாயி சாமி இல்லை

தெரணியகலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த பாட்டுக்கடையின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். அந்த வாரம் வந்த புதுப் பாட்டுகளின் பட்டியலைக் கடைக்காரர் அதில் எழுதி வைப்பார். மேலே நீல மையில் படப் பாட்டுகள். கடைசி வரி மட்டும் பச்சை மையில் இருக்கும். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் தாங்களே பாடி, தாங்களே சீடி போட்டவர்களுக்கான வரி அது. ஒரு வாரம் மட்டக்களப்புப் பையன்கள் நாலு பேர், இன்னொரு வாரம் இரத்தினபுரியில் கிற்றார் வாசித்துப் பாடும் ஒரு சிங்கள வாத்தியார். ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பச்சை வரியில் என் மதினியின் பெயர் இருந்தது. நான் பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரரை நாங்கள் பாட்டுக்கடை அண்ணன் என்போம். மூன்று தலைமுறையாகப் பஜாரில் வியாபாரம் செய்த குடும்பம். பச்சை வரிப் பாட்டை யாரும் கேட்காமலே ஒலிபெருக்கியில் போட்டுவிடுவார். "படப் பாட்ட நீங்களே தேடி வந்து கேப்பீங்க. இத நான் சொன்னாத்தான் கேப்பீங்க" என்பார். அவர் சொல்லி நாங்கள் கேட்டவை ஏராளம். மதினியின் பாட்டும் அப்படி அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். இன்று அதே ஊரில் ஆசிரியை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார்மீது என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்து பறித்தார். அவருடைய குரலை இனிமையான குரல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலையில் நிரை தாண்டி நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய தடித்த குரல். உச்சிக்குப் போனால் லேசாகப் பிசிறும். கோயிலில் பாடச் சொன்னால் மாட்டேன் என்பார். கங்காணி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனால், அவர் முதுகு மறைவதற்குள் அதையே ராகம் போட்டுப் பாடிவிடுவார். அட்டைக் கடியையும் மழையையும் மறந்து பெண்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் அவருடைய இசைப் பயிற்சி.

பக்கத்து நிரையில் பறித்தவர் மாரியாயி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரும் மதினியும் ஒரே வருடம் அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். வயிற்றுப் பிள்ளைக்கு எட்டாம் மாதம் நடந்தபோது ஒரு காலை, மலையில் வைத்தே மாரியாயி அக்காவுக்கு இரத்தம் போக ஆரம்பித்தது. பெண்கள் சாக்கைத் தூளியாகக் கட்டி, வழுக்கும் படிகளில் மாறி மாறித் தூக்கிக்கொண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தார்கள். அங்கே லாரி நின்றது. பாதிக் கொழுந்து ஏற்றியிருந்தார்கள். பொறுப்பாக நின்ற உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "கொழுந்து வாடிரும். கொண்டுபோய் எறக்கிட்டு லாரியத் திருப்பி அனுப்புறேன்" என்றார். மதினி அவர் காலில் விழுந்தார். இதை மதினி என்னிடம் சொன்னதில்லை. கூட இருந்தவர்கள் சொன்னார்கள். லாரி போய்த் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பஜார் ஆஸ்பத்திரியை எட்டுவதற்கு முன்னாலேயே தாயும் போய்விட்டார், வயிற்றில் இருந்த பிள்ளையும் போய்விட்டது. விசாரிக்கிறோம் என்று தோட்ட ஆபீஸில் சொன்னார்கள். இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

நாலு நாள் மதினி யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போனார். பக்கத்து நிரையில் வேறொரு பெண்ணை நிறுத்தியிருந்தார்களாம். அதைப் பார்த்ததும் வாய் திறந்தவர்தான்.

மூடுபனி எறங்குதடி மாரியாயி – ஒம்
முந்தானைய இழுத்துக்கடி மாரியாயி

இப்படித்தான் அந்தப் பாட்டு தொடங்கும். கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும். போகப் போகத்தான் அது எங்கே போகிறது என்று தெரியும்.

தொட்டிலுக்குச் சேல வச்சே மாரியாயி – அத
சுத்திக்கிட்டுப் போறியேடி மாரியாயி
கொழுந்து வாடிப் போகுமின்னு லாரி போச்சு
கொடியோட பிஞ்சுமிங்க வாடிப் போச்சு

பாட்டுக்கடை அண்ணனிடம் மதினியை அழைத்துப் போனது நான்தான். கடையின் பின்னறையில், ஆட்டோ சத்தம் கேட்காமல் ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரில் பதிவு செய்தார். மதினி ஒரே தடவைதான் பாடினார். இரண்டாம் தடவை கேட்டதற்கு, "இன்னொரு வாட்டி அவள சாகச் சொல்றீங்களா?" என்றார். பாட்டுக்கடை அண்ணன் அந்த ஒரே பதிவை வைத்துக்கொண்டார். முப்பது சீடி போட்டார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அட்டைகளை நான் எழுதினேன்: பாட்டின் முதல் அடி, கட்டிப் பாடியவர் என்று மதினியின் முழுப்பெயர், தோட்டத்தின் பெயர். பச்சை வரியில் மதினியின் பெயர் ஏறியது. ஒலிபெருக்கியில் லாரி அடி வந்தபோது பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பத்து நாள் ஆகியிருக்கும். தோட்ட ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த என் அண்ணனைத் தேடி வந்தார். அதட்டவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னாராம்: "ஒன் பொஞ்சாதி பாட்டு பெரிய தொரை காது வரைக்கும் போயிருச்சுப்பா. புள்ளகுட்டிக்காரன் நீ. பாத்து நடந்துக்க." அன்று மாலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடைக்குப் போய் மிச்சமிருக்கும் அட்டைகளில் பெயரை அழித்துவிட்டு வரச் சொன்னார். மதினிக்குத் தெரிய வேண்டாம் என்றார்.

நான் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பாட்டுக்கடை அண்ணன் கறுப்பு மார்க்கரை எடுத்து என் முன்னால் வைத்தார். "நான் அழிக்க மாட்டேன். வேணுமின்னா நீயே அழிச்சிட்டுப் போ" என்றார். நான் அழித்தேன். இருபத்திரண்டு அட்டைகள். நானே எழுதிய பெயரை நானே ஒவ்வொன்றாக அடித்தேன். பலகையில் இரண்டாம் வாரமும் அவர் மாற்றாமல் வைத்திருந்த பெயரையும் என் விரலால் துடைத்தேன். பச்சை மை நகத்துக்குள் ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மதினி என் கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் பாட்டுக் கட்டியதை நான் கேட்டதேயில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் என் போனுக்கு ஓர் இணையப் பதிவை அனுப்பினார். கொழும்பில் இசைத்தட்டு விற்கும் கடை ஒன்று, கம்பெனிகள் வெளியிடாத புதுப் பாட்டுகளில் தங்களுக்குப் பிடித்தவற்றை மாதாமாதம் பட்டியல் போடுகிறதாம். பட்டியலில் நாலாவதாக ஒரு கொழும்புப் பாடகியின் இசைத்தட்டு. அழகான அட்டை, பனி மூடிய மலை. கீழே கடைக்காரர்களின் குறிப்பு: "மலையகப் பெண்கள் மழைத் தெய்வமான மாரியை அழைத்துப் பாடும், யார் எழுதியதென்று தெரியாத பழம்பாடல். மழை நாளில் தேநீரோடு கேளுங்கள்." அமுக்கிக் கேட்டேன். மதினியின் ராகம். மதினியின் சொற்கள். புல்லாங்குழல் வாசித்திருந்தார்கள். லாரி அடி வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. பனியும் முந்தானையும் திரும்பத் திரும்ப வந்து பாட்டு முடிந்துவிட்டது.

சாக்கில் கட்டித் தூக்கிவந்த ஒரு பெண்ணைச் சாமியாக்கி, தேநீரோடு தொட்டுக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்கள். நேரே பாட்டுக்கடை அண்ணனிடம் போனேன். இப்போது அந்தக் கடையில் போன் கவரும், போனுக்குக் காசு ஏற்றும் ரீலோடும்தான் விற்கிறார். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். கேட்டுவிட்டுத் தலை குனிந்தார். "மூணு வருசத்துக்கு முந்தி இதப் பாடுன புள்ள வந்துச்சு. பழைய சீடி தேடிக்கிட்டு. இதக் கேளுன்னு நான்தாம்மா குடுத்தேன்." பெயரைச் சொல்லவில்லையா என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கேட்டுச்சு. அட்டையில ஏன் அடிச்சிருக்குன்னும் கேட்டுச்சு. நீங்கதானே வேணாமுன்னீங்க?"

பெயரை அடித்தது நான்தான். ஆனால் சீடியில் லாரி அடி இருந்தது. அதை நான் அழிக்கவில்லை. அந்தப் பிள்ளை காதால் கேட்டுவிட்டுத்தான் வெட்டியிருக்கிறது.

மதினிக்குப் போட்டுக் காட்டினேன். முதல் தடவை கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "லாரி எங்க?" என்றார். குறிப்பை வாசித்துக் காட்டினேன். "சாமியா? யாரு, மாரியாயியா?" என்று கேட்டுவிட்டுச் சேலையை மாற்றப் போனார். அன்றைக்கே அவிசாவளை போய் அங்கிருந்து கொழும்பு பஸ் பிடித்தோம். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டே வந்தேன். மார்க்கர் விஷயத்தையும் சொன்னேன். "தெரியும். ஒங் கையிலதான் மை இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடையில் குளிரூட்டியிருந்தார்கள். அந்த இசைத்தட்டைக் கண்ணாடித் தட்டில் நிறுத்தி, பக்கத்தில் குறிப்பையும் வைத்திருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த சிங்கள இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான். மதினி அட்டையைச் சுட்டிக்காட்டிச் சிங்களத்தில் சொன்னார்: "மே தெய்யோ நெமெயி மாத்தயா. மகே யாளுவா." இது தெய்வம் இல்லை, என் சிநேகிதி என்று. அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. நாங்கள் வெளியிடவில்லை, நல்லதென்று சிபாரிசு மட்டும்தான் செய்தோம் என்றான். "கேட்டுட்டுத்தானே நல்லதுன்னு எழுதுனீங்க?" என்று மதினி கேட்டார். அவன் பாடகிக்குப் போன் போட்டு மேசையில் வைத்தான்.

அந்தப் பிள்ளை தமிழில் பேசியது. பெயர் கிடைக்காததால்தான் பழம்பாடல் என்று போட்டதாகச் சொன்னது. லாரி அடியைக் கேட்டதற்கு, "அந்தப் பகுதி ரொம்பக் கனமா இருந்துச்சு ஆன்ட்டி. மத்தப் பாட்டுகளோட ஒத்துவரல" என்றது.

"கனமாத்தான் இருந்துச்சு," என்றார் மதினி. "தூக்கிட்டு வந்தது நாங்கதானே."

அந்தப் பிள்ளை தணிந்த குரலில், உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறோம் என்றது. "எம் பேரு அப்பறம் இருக்கட்டும். மொதல்ல அவள சாமின்னு எழுதினத எடுங்க" என்றார் மதினி. இளைஞன் எங்கள் முன்னாலேயே குறிப்பை எடுத்துவிட்டான். ஒரு வாரம் கழித்து அந்தக் கடையின் இணையப் பதிவைப் பார்த்தேன். மழைத் தெய்வத்தைக் காணோம். "தோட்டத்துப் பெண் ஒருவரின் பாடல்" என்று இருந்தது. ஒருவர்! அச்சடித்து விற்றுவிட்ட தட்டுகளில் மாரியாயி அக்கா இன்னும் சாமிதான்.

ஆகவே நாங்களே பதிவு செய்தோம். இப்போது அது இணையத்தில் இருக்கிறது. கட்டிப் பாடியவரின் முழுப்பெயரும், மாரியாயி யார் என்பதும், லாரி எங்கே நின்றது என்பதும் அதன்கீழ் எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கு அவர் மதினிதான். கேட்டவர்கள் அதிகமில்லை. அந்தக் கிராணி ஓய்வுபெற்று நிம்மதியாக இருக்கிறார். லாரியை அனுப்பியவரும் எங்கேயோ நன்றாகத்தான் இருப்பார். எனக்கு ஆத்திரம் தீரவில்லை. தீர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

பதிவு செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில். அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர். மதினி முந்தானை அடி வரைக்கும் பாடிவிட்டு நிறுத்தினார். இரண்டு பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிகளும் அலறிக்கொண்டிருந்தன. ஆனால் மதினி பார்த்தது அண்ணனைத்தான். அண்ணன் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். லயத்தின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் அவர் குரல் கேட்டது: "கொஞ்சம் டிவி சத்தத்தக் கொறைங்க. எங்க வீட்டுக்காரி பாடப் போறா."

ஒவ்வொரு வீடாகச் சத்தம் நின்றது. திரும்பி வந்து கதவை ஒட்டி நின்றுகொண்டார்.

"ம். லாரி வர்ற எடத்துலருந்து பாடு" என்றார்.