எண் கிடைக்காத குழந்தைகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் வேலை வந்தது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு எக்ஸ்எம்எல் ஆவணம் வரும். தாயின் விவரம், அதற்குள் பிரசவம், அதற்குள் குழந்தை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்கும். அவற்றைப் பிரித்து, அட்டவணைகளாக்கி, எல்லா மருத்துவமனைகளின் தரவும் ஓரிடத்தில் இருக்கும்படி ஒரே டேட்டா வேர்ஹவுஸில் சேர்க்க வேண்டும். நானும் பக்கத்து சீட்டுப் பெண்ணும்தான் செய்தோம்.

மேனாம்பேட்டிலிருந்து வருவாள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். கேன்டீன் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு என் டப்பாவில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டதாக அவள் கணவர் போனில் சொன்னார். வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொஞ்ச நேரம் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அவள் திரும்பி வருவதற்குள் அவளுக்கு வேறு வேலை கொடுக்கும்படி மேனேஜரிடம் கேட்டு வைத்தேன். அவளோ, பாதியில் விட்டதை நானே முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வேர்ஹவுஸில் ஏற்றும்போது சில ஆவணங்கள் உள்ளே போகாமல் தனியே ஒதுங்கின. உயிரோடு பிறந்த குழந்தைக்கு மருத்துவமனை ஓர் எண் கொடுக்கும். அந்த எண் கட்டாயம் என்று நாங்கள்தான் விதி எழுதியிருந்தோம். இறந்து பிறந்தவற்றுக்கு எண் கிடையாது.

அவள் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். போதும், மூடு என்றேன்.

"எடை போட்டிருக்காங்கக்கா. கையில தூக்காம எடை பாக்க முடியாதுல்ல? அப்போ என் பாப்பாவையும் யாரோ தூக்கியிருக்காங்க. எனக்குத்தான் காட்டல."

நான் அவள் முதுகில் கை வைத்தேன். விதியைத் தளர்த்தி அவற்றையும் சேர்க்கலாமா என்று அவள் மேனேஜரைக் கேட்டாள். அவர் மருத்துவமனையிடம் கேட்டார். உயிரோடு பிறந்தவை மட்டும் போதும் என்று பதில் வந்தது. அதை அவளிடம் சொல்ல அவருக்கே சங்கடம். அவள் சரி என்றாள். அவற்றைச் சேர்க்க எழுதி வைத்திருந்த புது விதியை அழித்துவிட்டு மிச்ச வேலையைப் பார்த்தாள்.

வேலை முடிந்ததும் ராஜினாமா செய்தாள். கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றோம். குழந்தையை அடக்கம் செய்ய எடுத்துப் போனது அவள் கணவர்தானாம். அதுவரை அவரிடம் எதுவும் கேட்டதில்லையாம். முந்தின நாள்தான், பாப்பா எப்படி இருந்தது என்று கேட்டாளாம். அவர் சொல்லச் சொல்ல இரண்டு பேரும் அழுதார்களாம்.

"தலை நிறைய முடியாம்க்கா" என்றாள்.

அவள் பஸ் வந்தது. ஏறிப் போனாள்.