தலையில் தணல் சுமக்கும் சட்டி

மிதுனா, சஞ்சு,

சனிக்கிழமை நீங்கள் கேக்கைத்தான் கண்டீர்கள். அதற்கு முந்திய இரண்டு நாளும் அப்பா எங்கே போனேன், என்ன கூத்தாடினேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டால் மிதுனா சிவப்புப் பேனையால் திருத்தலாம்.

மிதுனா, போனில் யாரோ காட்டுக்குள் இரும்புச் சட்டியில் கேக் சுட்டதைப் பார்த்துவிட்டு, "என்ர பிறந்தநாளுக்கு இப்பிடிச் செய்வீங்களா அப்பா?" என்று கேட்டாய். நானும் சோற்றைப் பிசைந்துகொண்டே ஓம் என்றேன். அடுத்த நாளே, அப்பா குளக்கரையில் கேக் சுடுவார் என்று வகுப்பில் சொல்லிப்போட்டாய். ஏழு பிள்ளைகள் வரப்போவதாகவும், அதில் ஒருத்தி, "குளக்கரையில ஆரும் கேக் சுடுவினமோ? சும்மா புளுகாதை" என்று சிரித்ததாகவும் வந்து சொன்னாய். அம்மா காய்ச்சலாய்க் கிடந்தபோது கஞ்சி வைத்ததைத் தவிர நான் அடுப்பில் ஒன்றும் செய்தறியேன். ஆனால் உன் சொல்லைக் காப்பாற்றுவது என் தலையில் விழுந்துவிட்டது. அரிசி மில்லில் இரண்டு நாள் லீவு கேட்டேன்.

வியாழன், காலை 6.45. கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு நாற்பது கிலோமீற்றர், பஸ்ஸுக்கு நூற்றெண்பது ரூபாய். சீனக்குடாவில் துறைமுகத் தண்ணீர் மரங்களுக்கிடையில் தெரியத் தொடங்கியது. ஒரு பெரிய கப்பல், குளத்தில் இறங்கிய எருமை மாதிரி அசையாமல் நின்றது.

காலை 9.00. துறைமுகப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய இரும்புக் கடை. நங்கூரம், சங்கிலி, கப்பல் குசினிச் சாமான் எல்லாம் ஒன்றாய்க் குவிந்து கிடந்தன. கடைக்கார அக்கா ஒரு கதிரையில் இருந்து பால் விடாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தா. விஷயத்தைச் சொன்னதும் மூன்று சட்டிகளை இழுத்து வைத்தா.

முதலாவது அலுமினியம். தூக்க இலேசு. "இது தணல் சூட்டில வளைஞ்சுபோம்" என்று அக்காவே ஒதுக்கிவிட்டா. இரண்டாவது இரும்புதான், மூடி கோயில் மணி மாதிரி குவிந்து வடிவாய் இருந்தது. எனக்கு அதில்தான் ஆசை.

"தம்பி, அந்த மூடிக்கு மேல தணல் வைச்சுப் பாருங்கோ."

ஒரு கைப்பிடி சரளைக்கல்லை வைத்தேன். எல்லாம் உருண்டு என் காலில் விழுந்தன.

மூன்றாவது, பார்க்கச் சகிக்காத கறுவல். மூன்று குட்டைக் கால். கால் இருந்தால் அடியில் தணல் மூச்சு விடுமாம். மூடி தட்டை, ஓரத்தில் விரலளவு வரம்பு. வயல் வரம்பு தண்ணீரை மறிக்கிற மாதிரி அது தணலை மறிக்கும். நான் மூடியை வைத்து ஆட்டிப்பார்த்தேன், ஆடவில்லை. பிறகு விரலை மடக்கித் தட்டிப்பார்த்தேன்.

அக்கா சிரித்தா. "சந்தையில மண்சட்டி வாங்குறமாதிரியே தட்டுறீங்கள். தட்டுங்கோ, தட்டுங்கோ. வெடிப்பு இருந்தா இதுவும் 'டொக்' எண்டுதான் சொல்லும்."

'ணங்' என்று நின்று ஒலித்தது. ஏழாயிரத்து ஐந்நூறு சொன்னதை ஆறாயிரத்து எண்ணூறுக்குத் தந்தா. ஒன்பது கிலோ. வாங்கிக்கொண்டு பாலையூற்றில் உங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போனேன், தூக்கினவனுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும்.

இனித்தான் என் கெட்டித்தனம். புதுச்சட்டி வாங்கினால் பழக்கவேணும் அல்லவா? அரிசி கழுவின தண்ணீரை முட்ட ஊற்றி ஒரு இரவு வைப்பது நம் வீட்டு வழக்கம். மண்சட்டிக்கு அது அமிர்தம். நானும் அப்படியே ஊற்றி, மூடி, நிம்மதியாய்ப் படுத்தேன்.

வெள்ளி, காலை 6.00. மூடியைத் திறந்தால் உள்ளே பிளேன்ரீ நிறத்தில் தண்ணீர். ஊற்றினேன். சட்டி முழுக்கச் செம்மண் பூசினமாதிரித் துரு. சித்தப்பா எட்டிப்பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்கள் கேக் சுடப்போறீங்களோ செங்கல் சுடப்போறீங்களோ?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குப் பிறந்தநாள்.

காலை 8.30. கிண்ணியாப் பாலத்தைக் கடந்தேன். காற்று பஸ்ஸைத் தள்ளியது. கரையில் மீனவர் தங்குகிற வாடி ஒன்றில் சமைக்கிறவர் நஸார் நானா. மில்லுக்கு நெல் கொண்டுவந்த காலத்துப் பழக்கம். அவர் வாடி ஆட்களுக்குத் தணலில் பாண் சுடுவார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். சட்டியை உரப்பையால் மூடிக்கொண்டு நின்றேன்.

"என்ன தம்பி, புதுப்பொண்ணுமாதிரி முக்காடு போட்டுக் கொண்டுவந்திரிக்கீங்க? திறங்க பாப்பம்."

திறந்தேன். நானா குனிந்து துருவை விரலால் சுரண்டிப் பார்த்தார். "சட்டிக்கு மஞ்சக்காமாலை புடிச்சிரிக்கி" என்றார்.

"இனி ஏலாதோ நானா?"

"ஏலும், ஏலும். துரு மேல்தோலிலதான். இரும்புக்குத் தண்ணி எதிரி, எண்ணெய் கூட்டாளி. அவ்வளவுதான் கதை. மணலை அள்ளுங்க."

தேங்காய்ப் பொச்சும் கடல் மணலும் போட்டுத் தேய்த்தோம். என் தோள்மூட்டு இன்னும் நோகிறது. நல்ல தண்ணீரில் கழுவி, உடனே நெருப்பில் காயவைத்து, தேங்காயெண்ணெயைத் துணியால் மெல்லிசாய்த் தடவி, சட்டியைக் கவிழ்த்துச் சூடாக்கினோம். புகை அடங்கும்வரை ஒருதரம், பிறகு இன்னும் இரண்டு தரம். மத்தியானம் சட்டி காகத்தின் கழுத்துமாதிரி மினுங்கியது.

பிற்பகல் 2.00. நானா பிசைந்த மாவைத் தந்து, "சுடுங்க" என்றார். நான் கறி வைக்கிறமாதிரி அடியில் தணலைக் குவித்தேன். எடுத்தபோது அடி கரி, தலை பச்சை மாவு. நாய்கூட மணந்துவிட்டுப் போய்விட்டது.

"கறிக்குக் காலில சூடு, பாணுக்குத் தலையில சூடு" என்றார் நானா. சிரட்டைக்கரி அடியில் ஏழு துண்டு, மூடிமேல் பதினாலு. காற்று ஒரு பக்கத்தையே கருக்கும், அதனால் பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் சட்டியைக் கால்வட்டம் திருப்பவேணும். "மணம் வரமுந்தித் திறக்காதீங்க. திறந்தா கேக் முகத்தைச் சுளிச்சிரும்." இரண்டாம் பாண் நன்றாய் வந்தது. சம்பலோடு தின்றோம். நானா ஒரு பை சிரட்டைக்கரியும் தந்தார்.

ஆனாலும் பிள்ளைகளே, எனக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. பஸ்ஸுக்குப் போகிற வழியில் கிண்ணியா பேக்கரியில் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு ஒரு பட்டர்கேக் வாங்கி, பெட்டியோடு கரிப்பையின் அடியில் ஒளித்தேன். திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர், மடியில் இருந்த சட்டியைக் காட்டி, "அண்ணன், இவருக்கு அரை ரிக்கெட்டோ முழு ரிக்கெட்டோ?" என்று கேட்டபோதும் என் கை அந்தப் பையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

சனி, மாலை 3.30. குளக்கரை மருதமரத்தடி. இதற்கு நீங்களும் சாட்சி. சட்டிக்குள் மூன்று கல்வைத்து, அதன்மேல் அம்மா கலந்த மாத் தட்டு. அடியில் ஏழு, தலையில் பதினாலு. குளத்துக் காற்று கிண்ணியாக் கடல்காற்றுப்போல முரட்டுத்தனம் இல்லை, பசுமாடு மூச்சு விடுகிறமாதிரி வந்தது. புளுகாதை என்று சிரித்த அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, "உள்ளுக்கு மாவாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நின்றது. மிதுனா, நீ என் முகத்தையே பார்த்தாய். ஒரு கையில் இரும்புக் கொளுக்கியால் சட்டியைத் திருப்பினேன், கரிப்பையை மறுகைக்கு எட்ட வைத்திருந்தேன்.

நாற்பதாவது நிமிசம் மணம் வந்தது. கொளுக்கியால் மூடியைத் தூக்கினேன். நடுவில் கோடைக்காலக் குளம்போல ஒரு வெடிப்பு, ஒரு ஓரம் நல்ல கறுப்பு. ஆனால் கேக். அந்தப் பிள்ளை இரண்டு துண்டு தின்றுவிட்டு, "கருகின பக்கத்தில இன்னொண்டு தாங்கோ மாமா" என்றது. அப்போதுதான் உன் தோள் ஆறுதலாய் இறங்கினதைக் கண்டேன்.

நீங்கள் எல்லோரும் அம்மாவோடு வீட்டுக்குப் போனபிறகு, சட்டி ஆறட்டும் என்று நான் மரத்தடியில் இருந்தேன். கரிப்பையிலிருந்து பட்டர்கேக்கை எடுத்து ஒரு துண்டு தின்றுபார்த்தேன். வெடிப்பில்லை, கருகல் இல்லை, பஞ்சுமாதிரி. நம்முடையதைவிடத் திறம், அதில் பொய் சொல்லக்கூடாது. மிச்சத்தை மில் ஆட்களுக்கென்று கட்டிவைத்தேன். பிறகு நம் தட்டின் அடியில் ஒட்டியிருந்த கருகலைக் கத்தியால் சுரண்டி, ஒரு துணுக்கு விடாமல் தின்று முடித்து, சட்டிக்கு எண்ணெய் பூசினேன்.