ஹவில்தார் சின்னசாமியின் மூத்த மகள்

முனியன் சலூனில் கத்தரிக்கோல் காதுக்கு மேல் ஏறும்போது ஹவில்தார் சின்னசாமி கண்ணை மூடிக்கொள்வார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில் இது நடக்கிறது.

"இன்னா அண்ணாத்தே, ஊட்லதான கீற. கொஞ்சம் வளர்த்தாதான் இன்னா?" என்று முனியன் கேட்பார்.

"பேப்பரு வரட்டும் முனியா. அதுவரிக்கும் இது கவர்மென்ட்டு முடி."

ராணுவத்திலிருந்து விடுவிக்கும் பேப்பர் வந்ததும் தாடி வைப்பதாகத் திட்டம்.

பருத்திப்பட்டில் எங்களுக்கு எதிர்வீடு அவருடையது. இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். கடைசிப் பதினோரு மாதங்கள் அமைதிப்படையோடு ஆப்பிரிக்காவில் இருந்தார். அங்கே உள்நாட்டுப் போர். எந்த நாடு என்று கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சார்" என்று குரலைத் தாழ்த்துவார். அந்த நாட்டின் பெயர் பெரிதாக அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டுதான் தினமும் இட்லி மாவு வாங்கப் போகிறார்.

திரும்பி வந்த கையோடு, விடுவிப்பு உத்தரவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது ஏழு மாதத்துக்கு முன்பு. வீட்டில் அவர் இருக்கும் விதம் தனி. ஸ்கூட்டரை மூக்கு தெருவைப் பார்த்தபடிதான் நிறுத்துவார். குளிக்க ஒரு வாளி, அதற்கு மேல் ஒரு குவளைகூடக் கிடையாது. தெருவில் யார் வீட்டு மேல்தொட்டி வழிந்தாலும் காம்பவுண்டு சுவரேறிக் குதித்து மோட்டாரை அணைத்துவிட்டு, எதுவும் பேசாமல் திரும்பிப் போவார். முதலில் இரண்டு வீட்டில் திருடன் என்று கத்தினார்கள். இப்போது பழகிவிட்டது.

உத்தரவு தாமதமானதற்குக் காரணம் அவருடைய மனைவியின் பெயர். பேபி. அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பது பேரை மிரட்டி வேலை வாங்குகிறவர். பழைய தாள்களைக் கணினியில் ஏற்றியபோது, வடக்கே ஏதோ ஓர் அலுவலகத்தில் எவரோ, பேபி என்றால் இன்னும் பெயர் வைக்காத குழந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்று நியாயமாக யோசித்து, அவரைக் குழந்தைகள் கட்டத்துக்கு மாற்றிவிட்டார். அதன்படி சின்னசாமி திருமணமாகாதவர். அவருக்கு இரண்டு மகள்கள். இளையவள் தாட்சாயிணி, கல்லூரியில் படிக்கிறாள். மூத்தவள் பேபி, அப்பாவைவிட மூன்று வயது சின்னவள்.

தெரு சிரித்தது. பேபி சிரிக்கவில்லை. "அங்க இந்தாளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா, என்னை இன்னான்னு கூப்ட்டிருப்பாங்க சார்? பேரு வெக்காத கொயந்தைன்னா?" என்று என்னிடம் கேட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சின்னசாமி அந்த அலுவலகத்துக்குப் போன் செய்வார். எழுந்து நின்றுதான் பேசுவார். "ஃபைல் மேல போய்க்கீதாம்" என்று உட்காருவார்.

கடைசியில் மனு எழுதித் தரும்படி பேபி என்னைக் கூப்பிட்டார். அதற்காகச் சின்னசாமியின் கோப்பைப் புரட்டியபோது ஒரு தாள் கண்ணில் பட்டது. ஆறு கிலோமீட்டர் வர இரண்டரை மணி நேரம் ஏன் ஆயிற்று, டேங்கரில் பாதித் தண்ணீர் எங்கே போயிற்று என்று ஆப்பிரிக்காவில் அதிகாரி கேட்ட விளக்கம். கீழே சின்னசாமியின் பதில், ஒரே வரி: வண்டி மெதுவாக ஓடியது.

இது என்ன என்றேன். சின்னசாமி சங்கடப்பட்டார். பேபி முறைத்த பிறகு சொன்னார்.

"ஆத்துல தண்ணி ரொப்பிகினு கேம்ப்புக்கு வந்துகினு கீறேன் சார். ரோட்ல ஒரு நாப்பது பேரு ஓடியாறாங்க. பொம்பளைங்க, கைக்கொயந்தைங்க. வலப்பக்கம் பொதர்லேர்ந்து சுட்றானுங்க."

படை வண்டியில் ஊர்க்காரர்களை ஏற்றக் கூடாது என்பது அங்கே உத்தரவு. வயர்லெஸ்ஸில் அனுமதி கேட்டார். மேலே கேட்டுச் சொல்கிறோம், காத்திரு என்று பதில் வந்தது.

"பத்து நிமிசம் வெயிட் பண்ணேன். அப்பால ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு உருட்னேன். நான் யாரையும் ஏத்தல சார். அவுங்கதான் பக்கத்துல நடந்து வந்தாங்க."

நாற்பது பேரும் டேங்கரின் இடப்பக்கம் அதன் மறைவில் ஒட்டி நடந்திருக்கிறார்கள். வலப்பக்கம் ஏழு குண்டு துளைத்தது. நம் லாரிகளில் டிரைவர் சீட்டும் வலப்பக்கம்தான். அதை அவர் சொல்லவில்லை.

"யாருக்காவது அடிபட்டதா?"

"ஒருத்தருக்கும் இல்ல. ஒரு கெயவிதான், தண்ணி வீணாவுதேன்னு அந்தப் பக்கம் போயி ஓட்டையில பாட்லு புடிக்கப் பார்த்திச்சு. கத்திக் கத்தி இந்தாண்ட இஸ்தேன்."

"அனுமதி வந்ததா?"

"வந்திச்சே. மறுநாளு."

இதையெல்லாம் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எய்தினா என்கொயரி வெப்பாங்க. ரிட்டயராவுற நேரத்துல பேப்பரு லேட்டாவும் சார்" என்றார். விளக்கம் ஏற்கப்பட்டு, வண்டியை ஒழுங்காகப் பராமரிக்குமாறு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். பேபி அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு கணவரின் வலது தோளை அழுத்திப் பார்த்தார், கடையில் பலகை வாங்குவதுபோல.

மனு போனது. வி.ஏ.ஓ. நேரில் வந்து, "பேபி யாரும்மா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். மேற்படி பேபி குழந்தை அல்ல என்று நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

போன புதன்கிழமை மாலை உத்தரவு வந்தது. தாட்சாயிணி உரக்கப் படித்தாள். மனைவி என்ற இடத்தில் பேபி. "யம்மா, இனிமே நீ எனக்கு அக்கா இல்ல" என்றாள். அப்போதுதான் பேபி சிரித்தார். சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுக்கோய்யா, இன்னிலேர்ந்து நீ எவனுக்கும் பதில் சொல்ல வேணாம். உன் இஷ்டத்துக்கு இரு" என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லோருக்கும் தோசை வார்க்கச் சமையலறைக்குப் போனார்.

சின்னசாமி தலையாட்டினார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சமையலறைக் கதவருகே போனார்.

"பேபி, ஏரியாண்ட ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டா? அரை அவருதான்."

தோசைக்கல் சத்தத்தில் பேபிக்குக் கேட்கவில்லை. சின்னசாமி இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு, பதில் வரும்வரை நின்றார்.