பூட்டிய கடிதத்தில் ஒரு படம்

என் தங்கைக்கு வேலை செய்யும் இடத்தில் ‘சந்தேகக்காரி’ என்று பெயர். வைத்தவர் விடுதிப் பொறுப்பாளர். கணவனிடம் அடிபட்டு வந்த பெண்கள் தங்கும் விடுதி அது. விலாசம் வெளியே யாருக்கும் தெரியாது. அங்கிருக்கும் மூன்று கணினிகளும் தங்கையின் பொறுப்பு. மின்னஞ்சல்கள் எல்லாம் பூட்டித்தான் வரும், பூட்டித்தான் போகும். சாவி வைத்திருப்பவர் மட்டும் படிக்கலாம்.

அஞ்சல் மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவள் தனக்குத் தானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பாள். அதில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, படமாக இருக்கும். அந்தப் படம் உண்மையில் வேறொரு கணினியில் இருக்கிறது. கடிதத்தைத் திறந்ததும் மென்பொருள் நம்மைக் கேட்காமலே போய் அதை எடுத்து வந்தால், எந்த இணைப்பிலிருந்து, அதாவது ஏறக்குறைய எந்த இடத்திலிருந்து, எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று அந்தக் கணினிக்குத் தெரிந்துவிடும். அப்புறம் பூட்டு எதற்கு? எட்டாவதோடு நின்ற எனக்கே புரியும்படி சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சோதித்தபோது புள்ளி வந்துவிட்டது. முந்தின நாள் புதுப்பித்ததில், படத்தைத் தானாக எடுத்து வரும் வசதியை, அவள் நிறுத்தி வைத்திருந்ததை, மென்பொருள் மறுபடி இயக்கிவிட்டிருந்தது. மூன்று கணினிகளிலும் நிறுத்தி, இன்னொரு முறை சோதித்து, நோட்டில் நேரம் எழுதினாள்: ஒன்பது பத்து.

ஒன்பதரைக்கு, அங்கே தங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு அவள் கணவனிடமிருந்து கடிதம் வந்தது. ‘உங்க அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. படத்தைப் பாரு.’ படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம், அதன் கீழே ‘படத்தைக் காட்டு’ என்று ஒரு பட்டன்.

“அக்கா, அந்தப் பட்டனை அழுத்துங்கக்கா. அம்மா முகத்த ஒரு தடவ பாத்துக்கிறேன்.”

“வேணாம்மா.”

“பூட்டுப் போட்டுத்தானேடி வந்திருக்கு? உனக்கென்ன கல்லு மனசா?” என்றார் பொறுப்பாளர்.

“பூட்டு யாரு வேணாலும் போடலாம் மேடம். திறக்கிற சாவிதான் நம்மகிட்ட. அந்தப் படம் அவரு கம்ப்யூட்டர்ல இருக்கு. எடுக்கப் போனா நாமளே வழி சொன்ன மாதிரி.”

“எதுக்கெடுத்தாலும் சந்தேகம்! உன்னைக் கட்டிக்கப் போறவன் பாடு திண்டாட்டம்தான்.”

“அவருக்கும் ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பிப் பாத்துட்டுத்தான் கட்டிப்பேன்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே எழுந்து போனாள். தங்கை விடுதியின் வக்கீலுக்குச் சொல்லி, அந்தப் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னாள். சாயங்காலம் பதில் வந்தது. போனை எடுத்ததே அந்த அம்மாதானாம். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லையாம்.

மறுநாள் அவனிடமிருந்து இன்னொரு கடிதம். ‘நேத்து அனுப்பின படத்தை இன்னும் திறக்கலையே, ஏன்?’

அந்தப் பெண் அதை இரண்டு முறை படித்தாள். “நான் திறக்கலைன்னு இவருக்கு எப்படிக்கா தெரியும்?”

பொறுப்பாளர் ஒரு நாற்காலியை இழுத்துத் தங்கையின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “அந்தப் புள்ளி சமாசாரத்த எனக்கும் சொல்லிக்கொடுடி, சந்தேகக்காரி.”

அந்தப் பெண் பதில் எழுதவில்லை. இன்னும் அதே விடுதியில்தான் இருக்கிறாளாம். அது எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று எனக்குத் தெரியாது. தங்கை ஆறு வருடமாக அங்கே வேலைக்குப் போகிறாள். கூடப் பிறந்த அண்ணனிடம் பஸ் நம்பரைக்கூடச் சொன்னதில்லை.