வலது மார்பில் ஒரு சிலுவை

ஆம்பூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மக்பூல் அகமது டீக்கடை வைத்திருந்தார். கடைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. சாயங்காலமானால் அந்த பெஞ்சு பட்டாளத்துக்காரர்களுடையது. ஜெர்மன்காரனோடு மூண்ட பெரிய சண்டைக்குப் போய் உயிரோடு திரும்பி, பென்ஷன் வாங்கிக்கொண்டு, தோல் மண்டிக் காவலுக்கோ சொந்தக் காட்டில் கடலை போடவோ போய்வந்துகொண்டிருந்த ஐந்தாறு பேர் அங்கே கூடுவார்கள். மற்றவர்கள் அதில் உட்காரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் உட்கார்ந்தவன் டீ முடிந்த கையோடு எழுந்து போய்விடுவான். பேச்சு முழுக்க அவன் பார்க்காத ஊர்களைப் பற்றியே ஓடும்.

தேவசகாயம் எதிரே, குழாயடிக் கல்லில் உட்கார்ந்து டீ குடிப்பார். அங்கிருந்தே அவர்கள் பேச்சைக் கேட்பார். கேட்பதற்கென்றே வருவார் என்று சொன்னாலும் தப்பில்லை. மக்பூல் கடை டீ அப்படியொன்றும் பிரமாதமில்லை.

அவர் ஊருக்குத் திரும்பியபோது தலை பூராவும் வெளுத்திருந்தது. இளவட்டமாக இருக்கையில் மிஷன் பாதிரியார் ஒருவரின் சிபாரிசோடு மதராஸுக்குப் போனவர். மதராஸிலிருந்து பம்பாய், பம்பாயில் கப்பல். இந்திய மரைன் கப்பலொன்றின் கேப்டன் துரைக்குப் பட்லராகச் சேர்ந்து, அந்தத் துரை பதவியில் உயர உயர அவர் பின்னாலேயே கப்பல் மாறி மாறி வாழ்ந்துவிட்டார். லீவில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்ட சம்பூர்ணம் விஷ ஜுரத்தில் போய்ச் சேர்ந்த சேதி அரபு நாட்டு பஸ்ரா துறைமுகத்தில் அவர் கைக்குக் கிடைத்தபோது, இங்கே கல்லறை மேல் புல் முளைத்திருந்தது. பிள்ளை இல்லை. தங்கை குடும்பம் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. அவர் முகம் தெரிந்தவர்கள் தெருவில் இருந்ததைவிடக் கல்லறைத் தோட்டத்தில்தான் ஜாஸ்தி.

தோல் ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறை பிடித்தார். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் நாற்றம் சுவரில் ஏறியிருந்த அறை. அதற்குள்ளும் தினம் முகம் மழித்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, எங்கோ போகப் போகிறவர்போலத் தயாராகி உட்கார்ந்திருப்பார். போக இடம் மக்பூல் கடை ஒன்றுதான்.

அவரிடம் ஒரு சிலுவை இருந்தது. பஸ்ரா சண்டையில் அவருடைய துரைக்குக் கிடைத்த விருதின் குட்டி உருவம் அது. படையில் உயர்ந்த பதவியில் இருப்பவர்கள் போரில் படையைச் சிறப்பாக நடத்திக் காட்டினால் சக்கரவர்த்தி பெயரால் அளிக்கும் கௌரவம். சிப்பாய்க்கோ கப்பல் கலாசிக்கோ கிடையாது. தங்கக் கரை போட்ட வெள்ளை எனாமல் சிலுவை, இரு ஓரமும் நீலம் வைத்த சிவப்பு நாடா. அசல் பகல் உடுப்புக்கு. இரவு விருந்து உடுப்புக்கென்று அதே அச்சில் சின்னதாக ஒன்றைத் துரை லண்டன் கடையில் செய்து வாங்கியிருந்தார். அதை விருந்து தோறும் துரையின் மார்பில் குத்திவிடுவது தேவசகாயத்தின் வேலை. துரை மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பார். இவர் எதிரே நின்று நாடாவை நேராக்கி, ஊசியை மாட்டி, கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்ப்பார். துரை கண்ணாடியைப் பார்ப்பதில்லை, தேவசகாயத்தின் முகத்தைத்தான் பார்ப்பார். இந்த முகம் திருப்தியானால் அந்த முகமும் திருப்தியாகும்.

துரை ஓய்வு பெற்றுச் சீமைக்குப் புறப்பட்ட அன்று, பெட்டி கட்டிக்கொண்டிருந்த தேவசகாயத்தின் கையில் அந்தச் சின்னச் சிலுவையை வைத்தார். "என்னைவிட நீதான் இதை அதிகம் பார்த்திருக்கிறாய், வைத்துக்கொள்" என்றார். அப்புறம் கப்பல் போய்விட்டது.

மக்பூல் கடையில் ஒரு நாள் பஸ்ரா பேச்சு வந்தது. கோவேறு கழுதைப் படையில் இருந்த சுந்தரமூர்த்தி, அந்த ஊர்ப் பேரீச்சம்பழத்தைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். கல்லின் மேலிருந்த தேவசகாயம் தன்னையறியாமல், "பழத்துக்கு மேல ஈ இருக்கும். ஊதிட்டுத்தான் வாயில போடணும்" என்று சொல்லிவிட்டார்.

பெஞ்சு மொத்தமும் திரும்பியது.

"நீ எப்பய்யா பஸ்ரா போன?" என்றார் சூபேதார் ராமலிங்கம். அந்தக் கூட்டத்தில் பெரிய பதவி வகித்தவர் அவர்தான்; வயதிலும் மூத்தவர்.

"கப்பல்லங்க. சண்டையப்ப."

"குண்டு விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. சமையல்கட்டு போச்சு."

"இன்னா கப்பல்காரரே," என்று சுந்தரமூர்த்தி கண்ணடித்தார், "எங்களுக்கெல்லாம் ராஜா மெடல் குடுத்தாரு. உமக்கு இன்னா குடுத்தாரு, நங்கூரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தேவசகாயமும் சிரித்தார். அவரோடு சேர்ந்து யாராவது சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கைக்குட்டையைப் பிரித்துச் சிலுவையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

சிரிப்பு நின்றது. சூபேதார் குனிந்து பார்த்தார். "தங்கம்யா இது! நம்மது மாதிரி இல்ல. கப்பல்காரங்களுக்கு வேற தினுசு போலக்குது" என்றார். அவர் தரைப்படை. கடலில் யாருக்கு எது கிடைக்கும் என்பது அவருக்கு எட்டாத சமாசாரம்.

தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தேவசகாயத்துக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. சொல்லிவிட வாயெடுத்தார். அதற்குள் சூபேதார் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, காலியான இடத்தைத் துண்டால் தட்டினார். "அங்க இன்னா கல்லு மேல? இங்க வாய்யா."

தேவசகாயம் போய் உட்கார்ந்தார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவர் நாட்களுக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது. பெஞ்சில் அவர் அதிகம் பேசியதில்லை. கேட்டால் பதில், இல்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருப்பது. ஆனாலும் ஒரு நாள் தாமதமானால், "எங்கய்யா கப்பல்காரன், கரை தட்டிட்டானா?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழ வேண்டுமென்றே சில நாள் கொஞ்சம் தாமதமாகப் போவார்.

சண்டை நின்ற நாளை வருஷந்தோறும் வேலூர்க் கோட்டை மைதானத்தில் கொண்டாடுவார்கள். மெடல் உள்ள பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. கலெக்டர் துரை ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பார். அந்த ஐப்பசியில் சூபேதார் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷம் நீயும் வர்ற. ஆம்பூர்லயும் ஒரு கப்பல்காரன் இருக்கான்னு அந்தக் கம்மவான்பேட்டைப் பட்டாளத்து ஆளுங்களுக்குத் தெரியட்டும். ரொம்பத்தான் அலட்டிக்கிறானுங்க."

"எனக்கு உடம்பு சரியில்லீங்களே சூபேதாரய்யா."

"அதுக்கு இன்னும் நாள் கெடக்குது. அதுக்குள்ள சரி பண்ணிக்க."

"உடம்பு யாருக்கு வேணும்?" என்றார் சுந்தரமூர்த்தி. "உடம்ப வூட்ல வெச்சிட்டு சிலுவைய அனுப்பு. நாற்காலில குந்த வெச்சிட்டு இட்டாந்துடறோம்."

போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பிறகு அது எப்படி உன்னிடம் வந்தது என்று கேட்பார்கள். போனால் கலெக்டரின் வெள்ளைக்காரக் கண். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் பெஞ்சில் அந்த ஒரு முழ இடம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கடைசியில், சின்னச் சிலுவைதானே, நாலு பேர் மெடலுக்கு நடுவில் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அன்று காலை, துரை கொடுத்த பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் சிலுவையைத் தன் மேல் குத்திக்கொண்டார். கண்ணாடிக்குள் எதிரே நிற்பவர் மோவாயைத் தூக்கினார். நாடாவை நேராக்கி, ஊசியை மாட்டி, கொஞ்சம் பின்னால் நகர்ந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எப்போதும் எந்தப் பக்கம் தெரியுமோ அந்தப் பக்கமே சிலுவை தெரிந்தது. சரியாக இருந்தது. தலையசைத்தார். மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

காட்பாடியில் இறங்கி, ஜட்காவில் பாலாற்றைத் தாண்டி எல்லோருமாகக் கோட்டை மைதானம் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் சுந்தரமூர்த்தி ஜட்காக் குதிரையைத் தன் பழைய கழுதைகளோடு ஒப்பிட்டு ஏசிக்கொண்டு வந்தார். தேவசகாயம் வயிறு வலிக்கச் சிரித்தார்.

நாற்காலி வரிசையில் நின்று சால்வையை எடுத்தார். பழைய பழக்கம் விடாமல் சூபேதார் ராமலிங்கம் வரிசையை ஒரு முறை பார்வையிட்டுக்கொண்டே வந்தார். ஒருவருக்குத் தலைப்பாகை, ஒருவருக்குப் பொத்தான். தேவசகாயத்தின் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"யாரு செத்தது?" என்றார் மெதுவாக.

"யாரும் இல்லீங்களே."

"செத்தவங்க மெடலத்தான் வூட்டாளுங்க வலது பக்கம் குத்திக்குவாங்க. பெங்களூர் பட்டாளத் தண்டுல ஒரு வெள்ளைக்காரம்மா, புருஷனுது போட்டுக்கினு நின்னத நான் பாத்திருக்கேன். உனக்கு ராஜா குடுத்ததுன்னா இடது பக்கமில்ல இருக்கணும்? இது யாருது?"

தேவசகாயம் குனிந்து பார்த்தார். கை இடது மார்புக்குப் போயிற்று. அங்கே கோட்டுத் துணிதான் இருந்தது. எத்தனையோ விருந்துக்கு, எதிரே நிற்கும் மார்பில் குத்திக் குத்திப் பழகிய கை, சொந்த மார்பைக் கண்ணாடியில் பார்த்ததும் அதையும் எதிராளியின் மார்பாகவே எடுத்துக்கொண்டிருந்தது. சிலுவை போட்டுக்கொண்டவன் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். போட்டுவிட்டவன்தான் செய்வான்.

"எங்க துரையுதுங்க" என்றார். பிறகு, சூபேதார் தப்பாக நினைக்கக் கூடாதே என்று, "அவரு சீமைல நல்லாத்தான் இருக்காரு. சாவெல்லாம் இல்ல."

"அப்ப நீ?"

"பட்லருங்க. துரையே கையில குடுத்தாரு. திருடல."

சூபேதார் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பக்கத்தில் நின்ற சுந்தரமூர்த்தி குனிந்து தன் மெடலைப் பார்த்துக்கொண்டார்.

"கழட்டு" என்றார் சூபேதார். "நான் நம்பறேன். கலெக்டர் நம்புவாரா? போலீஸு கேஸு ஆயிடும். சீக்கிரம்."

ஒரே இழுப்பில் ஊசி விடுபட்டது. சிலுவையைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு, நாற்காலிகளைத் தாண்டி, கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போனார். பின்னால் வேர்க்கடலைக்காரிகளும் வேடிக்கை பார்க்கிறவர்களும் நின்ற கூட்டத்தில் கலந்துகொண்டார். கொம்பு ஊதினார்கள். எல்லோரும் மௌனமாக நின்றார்கள். கலெக்டர் துரை வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டே வந்து, காலி நாற்காலி ஒன்றைத் தாண்டி, சுந்தரமூர்த்திக்குக் கைகொடுத்தார். அது முடிகிறவரை தேவசகாயம் பார்த்தார். பிறகு தனியாகக் காட்பாடிக்கு நடந்தார்.

ஒரு வாரம் மக்பூல் கடைப் பக்கமே போகவில்லை. யாராவது கூப்பிட வரக்கூடும் என்று அறைக் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். ஆடு ஒன்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஞாயிறு ஆராதனையில் போதகர் மட்டும், "சுகமா?" என்றார். சுகம் என்று சொல்லி முடிப்பதற்குள் போதகர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் முகம் மழித்து, பூட்ஸ் மாட்டிக்கொண்டு தானாகவே போனார்.

அவரைக் கண்டதும் பெஞ்சில் பேச்சு நின்றது. "வாங்க, வாங்க" என்றார் சூபேதார். அதுவரை அவர் 'வாய்யா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். நகர்ந்து இடமும் விட்டார், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. தேவசகாயம் உட்கார்ந்தார். கடலை விலையைப் பேசினார்கள். ஆலங்காயம் பக்கம் பெய்த மழையைப் பேசினார்கள். பஸ்ரா என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. எடுக்காமலிருக்க அத்தனை பேரும் சிரமப்படுவது அவருக்குத் தெரிந்தது.

சுந்தரமூர்த்திக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பட்லர்!" என்றார் திடீரென்று, துரைமார் தோரணையில். "சூபேதார் சாகிபுக்கு ஒரு டீ!"

சிரிப்பு வெடித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு முடியுமுன்பே தேவசகாயம் எழுந்துவிட்டிருந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தார்கள். அவர் கடைக்குள் போய், மக்பூலிடம் கிளாஸை வாங்கி, அடியில் வழிந்திருந்ததைத் தன் கைக்குட்டையால் துடைத்து, கொண்டுவந்து, சூபேதாரின் கைக்கு எட்டும் இடத்தில் சத்தமில்லாமல் வைத்தார்.

"டேய் சுந்தரமூர்த்தி, உன் நாக்குல சூடு வெக்க!" என்று சூபேதார் எரிந்து விழுந்தார். "நீ குந்துப்பா. இவன் கெடக்கறான் பேஜாரு புடிச்சவன்."

"இருக்கட்டுங்க. நீங்க குடிங்க, ஆறிடும்."

அவர் உட்காரவில்லை. சூபேதாரின் தோளுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பெஞ்சில் இருந்த இத்தனை மாசமும் எங்கே பேசுவது, எப்போது சிரிப்பது என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. நின்றபோது அது இல்லை.

சூபேதார் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். அப்புறம் குடித்தார். கேட்டைத் தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாகப் போயிற்று. அது போய் முடிந்ததும் சுந்தரமூர்த்தி, "அன்னிக்கு பஸ்ரா தாண்டி அமாரா ஆத்துல என் கழுத மாட்டிக்கிச்சே, அந்தக் கதைய சொன்னனா?" என்று ஆரம்பித்தார். ஒருவர் மறுத்துப் பேச, இன்னொருவர் தொடையைத் தட்டிச் சிரிக்க, பஸ்ரா பழையபடி பெஞ்சுக்குத் திரும்பி வந்தது. பின்னால் ஒருவர் நிற்கிறார் என்பது மெல்ல மெல்ல எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

தேவசகாயம் குனிந்து, காலி கிளாஸை எடுத்துக்கொண்டார்.